குளியலறைச் சுவரில் மாட்டிய ஹீட்டர்

ஏலப்பாறையில் அந்த வாடகை வீட்டுக்கு நாங்கள் குடிபோனதே என் சிறுவயதுத் தோழி கூப்பிட்டுத்தான். சின்ன வயதில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம், ஒரே நாளில் சடங்கானோம் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். பிறகு அவள் புருஷன் வளைகுடாவுக்குப் போனார். டவுனை ஒட்டி முதலில் ஒரு சின்ன வீடு, கொஞ்ச வருடம் கழித்து அதற்கு மேலே மேட்டில் பெரிய வீடு என்று கட்டினார்கள். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது கீழ்வீட்டை எங்களுக்குத் தந்தாள்.

வீட்டைக் காட்டும்போது நேராகக் குளியலறைக்குத்தான் கூட்டிப்போனாள். சுவரில் ஒரு கேஸ் ஹீட்டர்.

"குழாயத் திருகுனா போதும் ஏட்டி, வெந்நி கொட்டும். இந்தக் குளிருக்கு இனிமே நீ அண்டாவ வச்சிக்கிட்டு மல்லுக்கட்ட வேண்டாம்."

மேலே இருந்த சின்ன ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். சாரல் உள்ளே வரும், அதனால்தான் என்றாள். எனக்கு அதில் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. டூரிஸ்டுகள் தங்கும் விடுதியில் வரவேற்பில் நிற்கிறவள் நான். காலை ஆறு மணிக்குத் தலையில் வெந்நீர் விழுவது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மழை பிடித்ததும் எல்லோருக்கும் தலைவலி வர ஆரம்பித்தது. மகள் குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் சாய்ந்துவிடுவாள், குமட்டுகிறது என்பாள். ஒருநாள் தோழியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "வளர்ற பிள்ள, ரத்தம் கம்மியா இருக்கும். பீட்ரூட் குடு," என்றாள். சாயங்காலம் அவளே ஒரு பையில் பீட்ரூட் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனாள். நான் தினமும் துருவி, சாறு பிழிந்து மகளுக்குக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். குளிக்கப் போன மகளை வெகுநேரமாகக் காணவில்லை. கூப்பிட்டேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. என் கணவர் தோளால் மோதிக் கதவின் கொண்டியைப் பெயர்த்தார். அவள் தரையில் கிடந்தாள். ஹீட்டர் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு போர்வையைச் சுற்றி வாசலுக்குத் தூக்கி வந்தோம். மழைத்தண்ணீர் முகத்தில் பட்டபோது அவள் ஒரு தரம் இழுத்து மூச்சு விட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கேஸ் ஹீட்டர் பாத்ரூமுக்கு உள்ளேயா இருக்கு?" என்பதுதான். அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் வாசனையே இல்லாத ஒரு நச்சுக்காற்று வரும் என்றும், ரத்தத்தில் ஏறினால் ஆள் தூங்குவது போலவே போய்விடுவார் என்றும் விளக்கினார். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்று தொடங்கியவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் கேஸ் ஏஜென்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். மலையாளி, நடு வயது. குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சேச்சி, இது இப்பவும் இங்கதன்னே இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். அவர்கள் வீடு வீடாகப் பார்க்கும்போது குறைகளை இரண்டு வகையாகப் பிரிப்பார்களாம். ட்யூப் பழசாகிவிட்டது, அடுப்பின் திருகு இளகிவிட்டது என்றால் மாற்றச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆள் இருக்கும் வீட்டில் ஒரு நிமிடம்கூட எரியக் கூடாதது என்றால் அப்போதே இணைப்பைக் கழற்றி, சிவப்பு அட்டை கட்டி, ஆபீசில் சொல்லிவிடுவார்கள்.

"இது ரெண்டாவது வகை. போன வருஷம் நானே கழட்டினேன். இங்க முன்ன குடியிருந்த அந்தச் சேச்சிகிட்ட, ஆள் மரிச்சுப் போகும்னு நேராவே சொன்னேன். வெளிச்சுவரில் மாட்டுறோம்னு சொன்னாங்க."

தோழி குடும்பம் மேல்வீட்டுக்குப் போனது அதற்குப் பிறகுதான். எங்களுக்காகத்தான் யாரையோ வைத்து மறுபடியும் இணைத்திருக்கிறாள்.

மேட்டில் ஏறிப் போனேன். அவள் சமையலறையில் கப்பைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

தெரியாது என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத்தான் போயிருந்தேன்.

"நாங்களும் அதுலதான குளிச்சோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. அவன் எல்லா வீட்லயும் அப்படித்தான் பயங்காட்டுவான்."

"தலவலின்னு வந்து சொன்னேன். பீட்ரூட் வாங்கித் தந்தியே."

கத்தி நின்றது. "பிள்ளதான் பொழச்சிக்கிட்டாள்ல. கம்ப்ளைன்ட்டு அது இதுன்னு எங்கயும் போயிராத ஏட்டி. ஒண்ணா வளந்தவங்க நாம," என்றாள்.

அந்த 'ஏட்டி'யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

கழற்றிய ஹீட்டரை மறுபடியும் மாட்டியதைத் தானும் மேலே தெரிவிப்பதாகவும், குடியிருப்பவர்கள் வந்து சொன்னால்தான் அதற்குப் பலம் என்றும் மெக்கானிக் சொல்லியிருந்தார். நானும் கணவரும் ஏஜென்சிக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னோம். பஞ்சாயத்திலும் சொன்னோம். ஹீட்டரைச் சரியாக மாற்றும்வரை அந்த வீட்டில் கேஸ் எரியக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டோம்.

பிறகு கோயிலில் பெண்கள் என்னிடம் அளந்து பேச ஆரம்பித்தார்கள். கூடப் பிறக்காத குறையாக இருந்தவளைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த அவகிட்டயே பேசித் தீத்திருக்கலாம்ல," என்றார். என் மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் குளிக்கும்போது அவள் தாழ் போடுவதில்லை. நான் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போனபோது கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல், முன்பு குடியிருந்தவள் என்று சொல்லிக் குளியலறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஹீட்டர் வெளிச்சுவரில் கூரைக்குக் கீழே இருந்தது. பலகையை எடுத்துவிட்டு ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்திருந்தார்கள்.

"வீட்டுக்கார அக்காவே முன்ன நின்னு எல்லாம் பண்ணிக் குடுத்தாங்க. ரொம்ப நல்லவங்க," என்றாள் அந்தப் பெண்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.