எல்லம்மாள் கேட்ட சின்ன ஓட்டை

பிள்ளை போதும் என்று நினைத்த பெருநகர் கிராமத்துப் பெண்கள், நர்ஸம்மாவிடம் போவதற்கு முன் எல்லம்மாளிடம்தான் வருவார்கள். 1993இல் உத்திரமேரூர் முகாமில் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள் அவள். வயிற்றைக் கிழிக்காமல், தொப்புளுக்குக் கீழே சின்ன ஓட்டை போட்டு, கேமராக் குழாயை விட்டுச் செய்தது. எட்டாம் நாள் நடவுக்கு இறங்கிவிட்டாள். கேட்கிற பெண்களுக்குப் புடவையைச் சற்றுத் தளர்த்தித் தழும்பைக் காட்டுவாள். சுண்டைக்காய் அளவுதான்.

"ஊரு பூரா வயித்தக் காட்டிக்கினு கீறா பாரு," என்பான் அவள் புருஷன் சடையப்பன்.

"உன் முதுகக் காட்டுனா மூட்டதான்யா வரும்."

சடையப்பன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். கூட வேலை பார்த்த வேதகிரிக்கு 2003 தொடக்கத்தில் குடல் ஆபரேஷன் நடந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறுவரை வெட்டு. ஆறே மாதத்தில் வெட்டின இடம் பிதுங்கிவிட்டது. அதன்பின் ஆலை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லாரிகளுக்குக் கதவு திறக்கும் வேலைதான். அவனைக் கடக்கும்போதெல்லாம் சடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

2004 தை மாதத்தில் ஒரு காலை, சடையப்பனின் வயிறு பானைபோல் உப்பியது. பச்சைப் பச்சையாக வாந்தி. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், குடல் முறுக்கிக்கொண்டது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்.

எல்லம்மாள் கையெழுத்துப் போடவில்லை.

"கேமரா வுட்டு செய்ங்க சார். எனக்கு அப்பிடித்தான் செஞ்சாங்க."

"உனக்கு வயித்துக்குள்ள காத்து அடைச்சதும் கேமராவுக்கு எடம் கெடைச்சுதும்மா. இவருக்குக் குடலே ஊதி வயிறு நெறஞ்சு கெடக்கு. கேமரா திரும்பக்கூட எடமில்ல. லேட் பண்ணா ரத்தம் ஓடாம குடல் செத்துடும்."

"பெருசா கீறிட்டா அப்பால மூட்ட தூக்குமா அது?"

"சொல்ல முடியாது. மொதல்ல ஆளு பொழைக்கணும்."

முதல் பாதிதான் அவள் காதில் ஏறியது. கட்டிலில் கிடந்த சடையப்பனும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வேதகிரி மாரி என்ன ஒக்கார வெச்சிடாத புள்ள."

வேன் வைத்துச் சென்னைக்குக் கிளம்பினார்கள். பூந்தமல்லி தாண்டியதும் அவன் முனகல் நின்றது.

"தேவலயாயா?"

"ம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. வலி நின்றது ஏன் என்று அவளுக்குச் சொல்ல அந்த வேனில் யாரும் இல்லை.

சென்னை டாக்டரும் திறக்கத்தான் வேண்டும் என்றார். எல்லம்மாள் காலில் விழுந்தாள். "கேமராவுல ஒருதரம் பாக்கறேன். முடியலன்னா அங்கேயே திறந்துடுவேன். சம்மதமா?" என்றார். கையெழுத்துப் போட்டாள். கேமரா உள்ளே இருந்தது ஐந்து நிமிஷம். பிறகு திறந்தார்கள். குடலில் பெரும்பகுதி கறுத்துச் செத்திருந்தது. கண் திறக்காமலே மூன்றாம் நாள் சடையப்பன் போய்விட்டான்.

வீட்டு வாசலில் குளிப்பாட்ட உட்கார வைத்தார்கள். தலையைத் தாங்கிக்கொண்டது வேதகிரி. வயிற்றுத் துணியை விலக்கியதும் எல்லம்மாள் பார்த்தாள். நடுவில் வேதகிரிக்கு இருப்பதுபோலவே நீள வெட்டு. இடப்பக்கம் தனியாக, ஒற்றைத் தையலோடு, ஒரு சின்ன ஓட்டை. சுண்டைக்காய் அளவு.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"தண்ணி ஊத்து தங்கச்சி," என்றான் வேதகிரி.