வெள்ளைக் கொப்பராவும் செத்த நிக்கலும்

முந்தலுக்கு அருகே ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் நான் இரசாயனவியலாளனாக இருந்தேன். எண்ணெயில் ஐதரசனை ஏற்றிக் கெட்டியாக்கி விசுக்கோத்துக்காரருக்கு விற்போம். அதற்கு ஊக்கி நிக்கல் தூள். தான் செலவழியாமல் எண்ணெயை மாற வைக்கும். முதலாளியைப் பொறுத்தவரை அது விலை கூடிய கரி, அவ்வளவுதான்.

கொப்பரா வெள்ளையாக இருந்தால்தான் வெளிநாட்டில் எடுப்பார்கள் என்று அவர் அடம்பிடித்தார். நிறத்தில் மயங்கும் அந்த மூடர்களை ஏளனம் செய்துகொண்டே, உலர்த்தும் அறையில் கந்தகப் புகை போடச் சொன்னவன் நான். புகை பட்டும் நிறம் தேறாமல் கழித்த துண்டுகள் எண்ணெய் பிழியப் போயின.

சில வாரங்களில் நிக்கல் செத்தது. கலனைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். மாலை வகுப்புகளில் நானே படிப்பித்த பாடம் அது. பங்கீட்டு வலு ஐதரைட்டுகளில் போரனுடையவை இலத்திரன் குறைந்தவை, காபனுடையவை அளவானவை, நைதரசன், ஒட்சிசன், கந்தகம் ஆகியவற்றினுடையவை மிஞ்சியவை. புகையின் கந்தகம் கலனில் ஐதரசனோடு சேர்ந்து ஐதரசன் சல்பைட்டாகும்; மிஞ்சிய இலத்திரன் சோடியால்தான் அது நிக்கலில் ஒட்டும். ஒட்டிய கந்தகம் பிறகு விடாது.

"யாருட பிழ?" என்றார் முதலாளி.

"எண்ணெய் வடிக்கிறவன் தூளில் ஈரம் பட விட்டிருக்கிறான்" என்றேன், விளங்கிய பிறகும்.

வடிப்பவன் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது சிறுவயதில் வந்தவன். அன்றே அவனுக்கு வேலை போயிற்று.

இப்போது பள்ளிவாசல்துறையில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறான். ஓய்வு பெற்ற பிறகு போய் உண்மையைச் சொன்னேன். அவன் கை நிற்கவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் சேர். முட்ட நாத்தம் ஒங்கட மூக்குக்கும் வந்ததுதானே? படிச்ச மூக்கு, மறந்திட்டுதாக்கும்."

பெட்டி தூக்கியவர்கள் சிரித்தார்கள்.

"என்னட்ட செல்லி என்ன? முதலாளிட்ட செல்லுங்க. நிக்கல் மருந்தக் கெடுத்தவன்ட மவன் எண்டு எண்ட பொடியனயும் வேலைக்கு எடுக்கிறாரில்ல."

போனேன். முதலாளி கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்தப் பழைய கதையா சேர்? நீங்க பெரிய மனுஷன், ஒங்கட வாயால இப்படிச் செல்லலாமா? பொடியன எடுத்தா அண்டைக்கு நான் முட்டாளான மாதிரி ஆகும்."

தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தேன். ஆலை வாசலில் வேலை முடிந்து வந்தவர்களை நிறுத்தி, எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். ஒருவன் கைபேசியில் படம் பிடித்தான்.

கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முதலாளி சொல்லித் திரிகிறாராம். பொடியனை இன்னும் எடுக்கவில்லை. நாளையும் அந்த வாசலுக்குத்தான் போகிறேன்.