லிங்கனில் எங்களுக்கு ஒருவரும் இல்லை

என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த இருபத்தேழு வருடங்களில் லண்டனுக்கு வெளியே நான் போன ஊர்கள். அளவுகோல் வைத்துக் கீறிய நான்கு கட்டங்கள்: ஊர், திகதி, யார் வீடு, பார்த்தது.

லெஸ்டர் பதினான்கு தடவை. பேர்மிங்ஹாம் ஒன்பது. கொவென்ட்ரி ஆறு. மூன்றாவது கட்டத்தில் எழுத இடம் போதாது: கணவரின் ஒன்றுவிட்ட தம்பி வீடு, அவர் மனைவியின் தமக்கை வீடு, அந்தத் தமக்கையின் சம்பந்தி வீடு. நான்காவது கட்டம் அநேகமாக வெறுமை. கொவென்ட்ரிக்கு நேரே ஒரு முறை மட்டும் "மழை. மீன் குழம்பு நன்று" என்று எழுதியிருக்கிறேன். அங்கே போரில் குண்டு விழுந்த பேராலயம் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. ஆறு தடவை போயும் நான் அதைப் பார்க்கவில்லை. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருக்கும்போது விருந்தாளி எழுந்து வெளியே போக முடியாது.

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குத் திகதி கொடுக்கும் பிரிவில். ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் பேச்சு பிடித்த ஊர்களைப் பற்றிப் போனது. ஒருத்தி பாத் என்றாள், ஒருத்தி விட்பி என்றாள். என் முறை வந்தபோது லெஸ்டர் என்றேன். லெஸ்டரில் என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை கழற்றாத ஒரு சோபாதான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று மாலையே லிங்கன் என்ற ஊருக்கு ரயில் பதிவு செய்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன்.

"லிங்கனோ? அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னத்துக்கு?"

"அதுக்குத்தான்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "அது ரெண்டாம் சனியல்லோ? அக்கா வீட்டிலை எல்லாரும் வருகினம்."

அது எனக்குத் தெரியும். மாதத்தின் இரண்டாம் சனி குட்மேய்ஸில் அவருடைய அக்கா வீட்டில் சாப்பாடு. பிள்ளைப்பேறு இரண்டைத் தவிர நான் ஒன்றையும் தவறவிட்டதில்லை. வேறு சனிக்கிழமை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மறுநாளே அந்த அக்கா, என் மச்சாள், தொலைபேசியில் வந்தார்.

"என்ன, புருசனை விட்டிட்டுத் தனிய ஊர் சுத்தப் போறீராம். வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லை மச்சாள். லிங்கன் பாக்கப் போறன்."

"ஆள் தெரியாத ஊரிலை விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது?"

"அம்புலன்ஸ் வரும் மச்சாள்."

அவர் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கிங்ஸ்பரி ஸ்டேஷனில் நான் ஏறியபோது காலை ஆறு ஐம்பத்திரண்டு. பத்தரைக்கு லிங்கனில், அங்குள்ள பேராலயத்துக்குப் போகும் செங்குத்தான தெருவில் ஏறிக்கொண்டிருந்தேன். பிடித்து ஏறுவதற்குச் சுவரோரம் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். வலது முழங்கால் முறையிட்டது. பாதி ஏற்றத்தில் போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"அக்கா, வணக்கம். நான் லிங்கனிலை இருந்துதான் கதைக்கிறன். இங்கை பெற்றோல் ஸ்டேஷன் ஒண்டு வைச்சிருக்கிறன். உங்கடை மச்சாள் எடுத்தவா. நீங்கள் வாறியளாம், மத்தியானம் சாப்பாடு குடுக்கச் சொன்னவா. எங்கை நிக்கிறியள்? கார் கொண்டு வாறன்."

மச்சாளின் பல் வைத்தியருக்கு இவர் ஏதோ முறையாம். நான்கு நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். "ஓம்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்கு இருபத்தேழு வருடப் பழக்கம். கார் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நிமிடக் கணக்காகத் தெரியும். இன்னொரு சோபா. நான்காவது கட்டத்தில் இன்னொரு குழம்பு.

"தம்பி, குறை நினையாதேங்கோ. நான் வரேல்லை. நான் ஊர் பாக்க வந்தனான்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"அக்கா, உண்மையைச் சொல்லட்டோ? நான் எங்கடை ஆக்கள் நிறைஞ்ச ஈஸ்ட்ஹாமை விட்டு இங்கை வந்ததே, இங்கை ஒருத்தரும் இல்லையெண்டுதான். மனுசி விடியக் காலமை தொடங்கி வீடு கூட்டுறா. கூட்டக் கூட்ட எனக்குப் பேச்சு விழுது."

"கூட்டுறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"மச்சாள் கேட்டா, வந்து சாப்பிட்டிட்டுப் போனவா எண்டு சொல்லிவிடவோ? ஒரு சோலியுமில்லை."

சுலபமான வழி அது. ஆனால் நாட்குறிப்பில் நான் பொய் எழுதுவதில்லை. அன்றைக்கு மட்டும் எழுதவும் விருப்பமில்லை.

"வேண்டாம். வரமாட்டன் எண்டு சொன்னவா எண்டே சொல்லுங்கோ."

"கோவிப்பா, அக்கா."

"கோவிக்கட்டும்."

"அப்ப மேலை இருக்கிற கோட்டை மதிலிலை ஏறி நடவுங்கோ. தொப்பி போட்டிருந்தா பிடிச்சுக்கொள்ளுங்கோ, காத்துக் கொண்டுபோயிடும்."

கோட்டை மதிலில் இரண்டு தடவை சுற்றினேன். முதல் சுற்று முப்பத்தொரு நிமிடம். இரண்டாவதை அளக்க மறந்துவிட்டேன். ஒரு பக்கம் பேராலயத்தின் மூன்று கோபுரங்கள். மறுபக்கம் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் ஒரு மேடும் இல்லாத வயல்களும். கீழே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, வினாகிரி ஊற்றிய சிப்ஸை ஒருவரும் "இன்னும் கொஞ்சம் போடட்டோ" என்று கேட்காமல் சாப்பிட்டு முடித்தேன். நான்காவது கட்டம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போனது. திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்குப் பிடித்த ஊரைத் திருத்திச் சொன்னேன். ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

அடுத்த இரண்டாம் சனி குட்மேய்ஸ் போனேன். எல்லோர் சாப்பாட்டுக் கோப்பையிலும் சோறு விழுந்த பிறகு மச்சாள் தொடங்கினார்.

"கூப்பிட்டுச் சோறு போட ஆக்கள் நிக்க, மதிலிலை ஏறி நிண்டவாவாம்."

"ஓம் மச்சாள். ரெண்டு தரம் சுத்தினனான்."

"இனி இஞ்சை வாறதையும் நிப்பாட்டிப்போடுவீரோ?"

சோறு பிசைந்த கைகள் நின்றன. கணவர் தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் வருவன். அதுக்கடுத்த மாசம் டரம் போறன்."

"அங்கை ஆர்..." என்று தொடங்கிய கணவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மச்சாள் இன்னும் என்னுடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதையும் திகதியோடு குறித்து வைத்திருக்கிறேன். டரமுக்கு நேரே, 'யார் வீடு' என்ற மூன்றாவது கட்டத்தில், போகும் முன்பே, பென்சிலால் அல்ல, மையால் ஒரு கோடு கீறிவிட்டேன். அங்கே எங்கள் ஆட்கள் யாராவது பெற்றோல் ஸ்டேஷன் வைத்திருந்தால் இப்போதே சொல்லிவைக்கிறேன்: வீடு கூட்ட வேண்டாம்.