மேடுபள்ளம் இல்லாத எண்கள்

அந்த நீளத் தாள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் பெரிய கியர்ப்பெட்டி நடுங்கியதை, ஒரு பேனா முள் கோடாகக் கிறுக்கிய தாள். எழுபதுகளில் நான் அங்கே இன்ஜினியர். ஃபிட்டர் பெட்டியைச் சரியாக மாட்டாததால்தான் நடுக்கம் என்றார் மேனேஜர். ஃபிட்டரோ, "நல்லாத்தான் மாட்டிக்கிறேன் சார். உள்ள கியர் பல்லு ஒண்ணு ஒடைஞ்சிக்கீது" என்றார். தவறு அவருடையது என்றானால் வேலை போய்விடும்.

நான் நிரூபிக்கிறேன் என்று மார்தட்டினேன். எந்த நடுக்கமும் பல சீரான ஆட்டங்களின் கூட்டுத்தான்; ஃபூரியே கணக்குப் போட்டால் அவை தனித்தனியே பிரிந்துவிடும். பல் உடைந்திருந்தால், சக்கரம் சுற்றும் அதே வேகத்தில் ஓர் ஆட்டம் துருத்திக்கொண்டு தெரியும். கோட்டின் உயரத்தைச் சம இடைவெளிகளில் அளந்து அறுபத்து நான்கு எண்கள் எழுதினேன். அவை மெட்ராஸில் இருந்த ஒரு கம்ப்யூட்டருக்குப் போயின. ஒரு வாரம் கழித்து விடை வந்தது. எதுவுமே துருத்தவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. அந்த விடையைக் காட்டியே ஃபிட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குத் தலை வெடித்தது. எங்கள் மில்லில் கேட்டைத் தாண்டும் எந்தத் தாளும் ஆபீஸ் கிளார்க் கையால் ஃபேர் காப்பி ஆகாமல் போகாது. அந்த நகலை வாங்கிப் பார்த்தேன். எகிறிய எண்களையெல்லாம் பக்கத்து எண்ணளவுக்கு இறக்கி வைத்திருந்தார் மனிதர்!

"இன்னா சார், அஞ்சு, ஆறுன்னு போய்க்கினு இருந்தது திடீர்னு இருபதுன்னு குதிக்குது. அவசரத்துல தப்பா எழுதிட்டீங்கன்னு நாந்தான் சரி பண்ணேன்" என்று, நான் நன்றி சொல்வேன் என எதிர்பார்த்துச் சிரித்தார். அட கடவுளே! அந்த இருபதுதானய்யா உடைந்த பல்!

ஞாயிறு முழுக்க சைன் அட்டவணையோடு உட்கார்ந்து, என் அசல் எண்களை வைத்து, அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் கையாலேயே கணக்குப் போட்டேன். கொம்பு மாதிரி எழுந்து நின்றது. கிளார்க்கின் திருத்தத்தைச் சொல்லியும் மேனேஜர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டரே இல்லைன்னுடுச்சு. நீங்க கையால போட்டுக்கினு வந்து இருக்குதுன்றீங்களா?"

பெட்டியைத் திறந்து பார்க்க அரை நாள் போதும். அந்த அரை நாள் மில்லை நிறுத்த ஒருவருக்கும் மனசில்லை. இரண்டே மாதத்தில் பல் தெறித்துப் பெட்டி பிளந்தது.

இன்று அதே கணக்கை என் கைப்பேசி கண்ணிமைக்கும் நேரத்தில் போடுகிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. அன்று பெட்டி பிளந்த பிறகு ஃபிட்டரைத் திரும்ப அழைக்க அவர் ஊரான ஊத்துக்கோட்டைக்குப் போனேன். எண்கள், நகல், திருத்தம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். பல்லு ஒடைஞ்சிக்கீதுன்னு நான் மொதல்லயே சொன்னனே, அத்த யாராச்சும் எழுதினாங்களா?"

யாரும் எழுதவில்லை. நானும்தான். அவர் திரும்பி வரவில்லை.