அன்ரன் கடையில் கழற்றியபடி தொங்கும் என் சைக்கிள்

அன்ரன் செத்துப்போனார். எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

கரம்பொன்னில் சைக்கிள் கடை வைத்திருந்த அன்ரன். வெள்ளிக்கிழமை காலை வேலை செய்துகொண்டிருந்தவர், நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்தவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே...

நெடுந்தீவிலிருந்து திரும்பி வரும் படகில் இருக்கும்போது போன் வந்தது. முதலில் எனக்கு வந்த நினைப்பு, "ஐயோ, என்ர சைக்கிள்". வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் வந்தது, பொய் சொல்ல ஏலாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் நெடுந்தீவில் கணக்கு ரீச்சர். திங்கள் காலை குறிகட்டுவான் துறையில் சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொண்டு போவேன், வெள்ளி பின்னேரம் அதோடு திரும்புவேன். அங்கே குவாட்டர்ஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் முக்கால் மணித்தியாலம், அதுவும் கல்லு றோட்டில்.

சைக்கிள் பழைய மவுண்டன் பைக். கியர் மாறாது. குலுக்கலைத் தாங்கிற முன் ஷொக் துருப்பிடித்து இறுகிவிட்டது. பார்ட்ஸ் மாற்றி இதையே ஓடுவதா, புதுசு வாங்குவதா என்று மூன்று மாதமாக அன்ரனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்ரனும் நானும் ஓ.எல். வரை ஒரே வகுப்பு. என் கணக்குக் கொப்பியைப் பார்த்து எழுதியே பாஸ் பண்ணியவர். பிறகு என்னை "ரீச்சர்" என்று கூப்பிட்டது மரியாதைக்கில்லை, பகிடிக்கு.

"இந்த பிரேம் மாதிரி இப்ப வராது ரீச்சர். பார்ட்ஸை மாத்துவம்." இது ஒரு சனிக்கிழமை.

"யோசிச்சுப் பாத்தனான். நீர் புதுசு எடும்." இது அடுத்த சனி.

அதற்கடுத்த சனி, "புதுசெல்லாம் இப்ப வெறும் தகரம்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "அன்ரன், ஏதாவது ஒண்டைச் சொல்லும். என்னை விசராக்காதையும்."

"கணக்கு ரீச்சருக்கு எல்லாத்துக்கும் ஒரு விடை வேணும்" என்று சிரித்தார். அவ்வளவுதான், விடை வரவில்லை.

இன்னொன்று... இதை எழுதத்தான் வேண்டும், என் மானம் போனாலும்.

படகில் கடல் தண்ணீர் தெறிக்கும் என்பதால் ஒவ்வொரு வெள்ளியும் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நன்றாகக் கழுவுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. இவ்வளவு கழுவியும் ஏன் துருப்பிடிக்கிறது என்று அன்ரனிடமே கேட்டேன்.

"எந்தத் தண்ணியிலை கழுவுறனீர்?"

"எங்கடை கிணத்துத் தண்ணியிலைதான்."

"அதை வீட்டிலை குடிக்கிறனீங்களோ?"

"அது உவர் அன்ரன், குடிக்க ஏலாது. குடிக்கிறதுக்கு பவுசரிலை கொண்டுவாற நல்ல தண்ணி."

சொல்லி முடிக்க முதலே எனக்கே விளங்கிவிட்டது. அன்ரன் சங்கிலியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உப்பைக் கழுவ உப்புத் தண்ணி... நீர்தானே எனக்குக் கணக்குக் காட்டினனீர்?" என்றார். தரையில் குந்தியிருந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

பிறகு கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய்க் குடிக்கிற தண்ணீர் கானைத் தூக்கிக்கொண்டு வந்து என் சங்கிலியில் ஊற்றினார். மனைவி நிர்மலா குசினியிலிருந்து கத்தினா, "குடிக்கிற தண்ணியையோ ஊத்திறியள்?"

"பாவமப்பா, அதுவும் ஒருநாள் நல்ல தண்ணி காணட்டும்."

போன சனி சைக்கிளை முழுதாகக் கழற்றிப் போட்டார், இந்தக் கிழமை முழுக்க நான் நடைதான். "வாற சனி வாரும். முடிவாச் சொல்லுறன்."

"சத்தியமோ?"

"மாதா மேலை சத்தியம்."

அந்தச் சனிதான் நேற்று. செத்த வீட்டுக்குப் போனேன்.

வெளிக்கிடும்போது அம்மா கேட்டா, "அங்கை போய்ச் சைக்கிளைக் கேக்கப் போறியோ?" கேட்க மாட்டேன் என்றேன். ஆனால் திங்கள் காலை எப்படி என்ற யோசனை போகும் வழியெல்லாம் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே குழப்பம். அழுகை வந்தது, அது எதற்கு என்றுகூடத் தெரியவில்லை.

நிர்மலா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவ என்னைக் கண்டதும் எழும்பினா. நான் வாயே திறக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் இருந்த கடையைத் திறந்தா.

"திங்கள் போகவேணுமெல்லோ ரீச்சர். கொண்டு போங்கோ."

பிரேம் கயிற்றில் தொங்குகிறது. முன்னுக்குப் புது ஷொக் பூட்டிச் சில்லும் போட்டிருக்கிறார். மேசையில் பழைய ஷொக், துருவெல்லாம் உரஞ்சி, எண்ணெய் பூசி, பேப்பரில் சுற்றியபடி. புதுசைப் போட்டுப் பார்த்தாரா? போட்டே விட்டாரா? பழசை எறிகிறவர் ஏன் துடைத்துச் சுற்றி வைக்கிறார்?

"உங்களிட்டை ஏதும் சொன்னவரோ நிர்மலா?"

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டு சொன்னவர்" என்றா.

சரி, எப்படியோ கொண்டுபோய் வேறு யாரிடமாவது பூட்டுவிப்போம் என்று கயிற்றில் கை வைத்தேன். முன் சில்லின் நட்டில் ஸ்பானர் மாட்டினபடியே இருந்தது. அதை எடுக்கப் போனேன்.

"ரீச்சர்..."

திரும்பிப் பார்த்தேன்.

"அதை மட்டும் கழட்டாதேங்கோ. அதை அப்பிடியே விட்டுட்டுத்தான் கதிரையிலை வந்து இருந்தவர்."

நான் கையை எடுத்துவிட்டேன். சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பிறகு நிர்மலா கடையைப் பூட்டினா.

நாளைக்கும் நடந்துதான் போகவேண்டும். பழசா, புதுசா... எனக்குத் தெரியாது அன்ரன்.

போயிட்டு வாரும்.