அக்கா முதியோர் இல்லம் பார்த்த கதை

என் அக்கா குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் ஆலையில், செக்கிங் பிரிவில் இருந்தாள். விட்டுப்போன தையல், கோணிப்போன காலர், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. குறை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவாள். தையல்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வீட்டிலும் அதே கண்தான். நான் புதுத்துணி உடுத்திக்கொண்டு போய் நின்றால், நல்லாயிருக்கு என்பதற்கு முன்னால் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் புருஷனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்த பிறகு, அவரைத் தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள் ஒருத்தியே பார்த்தாள். மகன் தூர தேசத்தில் இருக்கிறான். ஃபோனில் பாசத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் மாமாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார்கள். நான் ஓடிப்போய்த்தான் எழுப்பிவிட்டேன்.

"இன்னொரு தடவை இப்படித் தூக்கினீங்கன்னா, அப்புறம் உங்களைத் தூக்க ஆள் தேடணும்" என்று எலும்பு டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"அப்போ அவரைக் கொண்டுபோய்த் தள்ளிடச் சொல்றீங்களா?" என்று கேட்டாள் அக்கா. தள்ளிவிடுவது என்கிற அந்தச் சொல்தான் அவளைப் போட்டு அரித்தது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில், இடத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இறங்கி வந்தாள்.

முதலில் போன இல்லத்தின் வரவேற்பறை பளபளவென்று இருந்தது. மேலாளர் முன்னறையில் ஒரு பெரியவரைக் காட்டினார். வழவழவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா என் காதைக் கடித்தாள். "கட்டுல மேல வைக்கிற சட்டை எப்பவுமே நல்லாத்தான்டி இருக்கும். அடியிலேர்ந்து உருவிப் பார்க்கணும்."

பிறகு மேலாளரிடம் கேட்டாள்: "யாருமே பார்க்க வராதவங்க யாராவது இருக்காங்களா? அவங்களை நான் பார்க்கலாமா?"

அதெல்லாம் விதிப்படி முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அக்காவும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டாவது இல்லம் பழைய கட்டடம். சுவரில் காரை உதிர்ந்திருந்தது, டிவி அலறியது, எனக்கு வாசலிலேயே மனசு விட்டுப்போயிற்று. அக்கா அதே கேள்வியைக் கேட்டாள். தலைமை நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடைசி ரூம். அவர்கிட்ட கேட்டுட்டுத் தொடுங்க" என்று முன்னால் நடந்தார்.

படுத்திருந்தவர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவராம். இப்போது சொந்தம் என்று யாரும் இல்லை, பேச்சும் இல்லை. அக்கா கேட்டதும் கண்ணால் சரி என்றார். முதலில் அவருடைய குதிகாலைப் பார்த்தாள். நகம், உதடு, காதுக்குப் பின்புறம், முதுகு எல்லாம் பார்த்தாள். ஒரு புண் இல்லை, ஒரு வாடை இல்லை. அவள் முகம் இளகுவதை வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்ததைக் கவனித்தாள். சிவப்பு ஸ்டிக்கர். அடுத்த கட்டிலில் அது இல்லை.

"வா, போகலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நர்ஸைப் பார்த்து, "மனுஷனைக் கழிச்சுக்கட்டி மூலையில போட்டுட்டு, அதுக்கு ஸ்டிக்கர் வேறயா?" என்றாள்.

நர்ஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான்தான் ஆலை விவரத்தைச் சொன்னேன். அதற்குள் தரை துடைக்கும் பெண் அந்தப் பக்கமாக வந்தவள், துடைப்பானைக் கதவில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தாள். எங்களைச் சட்டை செய்யவேயில்லை. பெரியவரின் கடைவாயைத் துடைத்து, நழுவியிருந்த தலையணையைச் சரிசெய்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

"இவரால பெல் அடிக்க முடியாதும்மா, கூப்பிடவும் முடியாது" என்றார் நர்ஸ். "அதனால இந்தப் பக்கம் யார் போனாலும் ஒரு எட்டு உள்ள வந்து பார்த்துட்டுத்தான் போகணும். சிவப்பு அதுக்குத்தான்."

அக்கா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, அந்த நர்ஸ் கோபக்காரி இல்லை. எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சிரிப்பு.

மாமாவை அங்கேயே சேர்த்தோம். அதற்காகப் பூதக்கண்ணாடி சும்மா இருக்குமா? தினமும் போனாள். சூப் ஆறிப்போயிருக்கிறது என்றாள், சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றாள், ஜன்னல் திரை அழுக்கு என்றாள். சொன்னது எல்லாமே உண்மைதான். சிலதைத் திருத்தினார்கள், திரை மட்டும் இன்னும் அழுக்காகத்தான் தொங்குகிறது. வீடு திரும்பும்போதெல்லாம், "தள்ளிட்டேனேடி" என்று ஆரம்பித்துவிடுவாள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

ஒரு மத்தியானம் நாங்கள் போனபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பணியாளர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மடமடவென்று குடித்துவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று மாமா விரலைக் காட்டினார்.

அக்கா ஆச்சரியப்பட்டாள். "வீட்ல ரெண்டு மடக்குக்கு மேல குடிக்கவே மாட்டாரே. கெஞ்சினாலும் தாகமில்லைம்பார்."

"இங்க நல்லா குடிக்கிறாரும்மா" என்றார் பணியாளர்.

மாமாவுக்குப் பேச்சு குழறும். ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். "அங்க குடிச்சா... பாத்ரூம் போகணும். நீதானே... தூக்கணும்."

அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. எனக்கு மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவரை நல்ல இடத்தில்தான் விட்டிருக்கிறோம். அதை இனி நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பணியாளர் நிரப்பிக் கொண்டுவந்த டம்ளரை அவள் வாங்கி, தானே மாமாவின் வாயில் வைத்தாள். அவர் முழுவதையும் குடித்தார்.