பரீட்சைக்குப் பூக்கேட்டது

பிரியாணித் தேக்சாவை யார் தயவும் இல்லாமல் அடுப்பிலிருந்து இறக்குகிற குப்புராஜ், பேனாவைப் பிடிக்கச் சொன்னால் மட்டும் வெலவெலத்துப் போவான். பென்னாகரத்தில் பத்தாவதைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவன். புதுச்சேரிக்கு ஓட்டல் வேலைக்குப் போன இடத்தில் நிர்மலாதேவியைக் கல்யாணம் செய்துகொண்டான். தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் அவளுடையது. அவளோடு போய், பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் ஓட்டலின் அடுப்படியில் நின்றவன்தான்; வருஷம் பத்தாகிறது. பிரெஞ்சு பேசுவான். காய்கறிக்காரனோடு சண்டை போட்டு விலையைக் குறைக்கும் அளவுக்குப் பேசுவான். எழுதுவதற்குத்தான் கை வராது.

அவன் அப்பா இறந்தபோது, பிரான்சில் தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். கையில் இருந்தது வெறும் ரசீது. அதை நம்பி வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றார்கள். பக்கத்து வீட்டு மாதையன் பிடித்துக் காட்டிய போனில், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதை ஓட்டலின் பின்பக்கம் நின்று பார்த்தான். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை; ஊரிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறான்.

இப்போது அம்மாவின் முறை. சின்னம்மாளுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று தருமபுரி டாக்டர் சொன்னதும் ஒரு மாத லீவில் ஓடி வந்திருந்தான். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிட்டால் கார்டுத் தொல்லை கிடையாது. ஆயுசுக்கும் செல்லும் இந்திய விசாவை வாங்கி வைத்துக்கொண்டால், சேதி வந்த அன்றைக்கே விமானம் ஏறலாம். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, பெற்ற தாயைப் பார்க்க வெளிநாட்டுக்காரனாக வரவேண்டும் என்பதுதான் கொடுமை. அதற்கும் மனசைக் கல்லாக்கிக்கொண்டான். ஆனால் முதலில் பிரெஞ்சுப் பரீட்சை.

அதில் இரண்டு வகை. ஒன்றில் முடிவு சீக்கிரம் வந்துவிடும். ஆனால் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று எல்லாவற்றிலும் தனித்தனியே தேறவேண்டும். ஒன்று சறுக்கினாலும் போச்சு. இன்னொன்றில் எழுதுவதில் விட்டதைப் பேச்சில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் முடிவுக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டும். நிர்மலா தினமும் போனில் நச்சரித்தாள். “இடம் நெறஞ்சுக்கிட்டே வருதுங்க. எதை எழுதறீங்கன்னு சீக்கிரம் சொல்லுங்க.”

அவனுக்கு முடிவெடுக்க வந்தால்தானே. கடைசியில் சின்னம்மாள்தான் சொன்னாள். “மாரியம்மன் கோயில்ல பூக்கேட்டுப் பாத்துடலாம் கண்ணு.”

வெள்ளை அரளி வந்தால் சீக்கிரம் முடிகிற பரீட்சை, செவ்வரளி வந்தால் மெதுவானது என்று அம்மாவிடம் பாடம் ஒப்பிப்பதைப்போல் சொல்லிவைத்தான். அவளே பூவுக்கொன்றாக, ஒரே அளவில் இரண்டு வாழையிலைப் பொட்டலம் மடித்து நாரால் கட்டினாள். சாமி காலடியில் வைத்ததில் ஒன்றைப் பூசாரி எடுத்துக் கொடுப்பார். மற்றதைத் தேங்காய் பழத்தோடு அப்படியே பையில் போட்டுவிடுவார்.

பத்தாவது முடிவு வந்த அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலிலேயே நின்ற மகராசன், இன்றைக்கும் உள்ளே போகவில்லை. வேப்பமரத்தடியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். சின்னம்மாள் நெற்றி நிறையத் திருநீறோடு, சிரித்த முகமாக வெளியே வந்தாள்.

“வெள்ளை வந்திருச்சிடா.”

குப்புராஜ் கடித்த நகத்தைத் துப்பினான். எழுத்தில் மண்ணைக் கவ்வுகிற பரீட்சையையா அம்மன் காட்டவேண்டும்? சாமி சொன்னதை மீறவும் பயம். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தான்.

“அந்த வெள்ளைப் பரீட்சை எனக்கு ஆவாதும்மா. தோத்துடுவன்.”

“பரீட்சையை யாருடா கேட்டது?” என்றாள் சின்னம்மாள். “அதுக்கெல்லாம் பூ வெக்க எனக்குத் தெரியுமா? வெள்ளைன்னா நடக்கும், செவப்புன்னா நடக்காது. நான் கண்ண மூடறப்ப எம்மவன் வந்து சேருவானான்னு கேட்டன்.”

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “செவப்பு வந்திருந்தா?”

“அதான் வரலியே” என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல் இருந்தது. வந்து சேருவோம் என்று அம்மனே சொல்லியாகிவிட்டது, பிறகென்ன அவசரம்? மெதுவான பரீட்சையையே நிதானமாக எழுதலாம். வீட்டுக்குப் போனதும் நிர்மலாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டில் சின்னம்மாள் கை கால் கழுவப் பின்பக்கம் போனாள். அவன் பையைக் கவிழ்த்துத் தேங்காய் மூடியை எடுத்தான். கூடவே வாழையிலைப் பொட்டலம் ஒன்று விழுந்தது. பூசாரி எடுக்காமல் விட்டது. கட்டிய நார் கட்டியபடியே இருந்தது. சும்மாதான் பிரித்தான்.

உள்ளே வெள்ளை அரளி இருந்தது.

இது இங்கே இருக்கிறதென்றால் அம்மாவின் கைக்கு வந்தது செவ்வரளி. குப்புராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதைக் கையில் வாங்கி, பிரித்துப் பார்த்து, எங்கேயோ போட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு அல்லவா அவள் வெளியே வந்திருக்கிறாள்! பின்பக்கம் செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பூவை அவசரமாகச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போனை எடுத்தான்.

“நிர்மலா, சீக்கிரம் முடிவு வர்றதையே போடு. எந்தத் தேதி கெடைச்சாலும் சரி.”

“அதுல எழுதறதுலயும் தேறணுமேங்க! உங்களுக்கு...”

“எழுதறன். எப்படியாவது எழுதறன். நீ போடு.”

சின்னம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கவிழ்ந்து கிடந்த பைக்கு அவள் கண் போனது, பிறகு அவன் முகத்துக்கு வந்தது.

“எந்தப் பரீட்சைடா முடிவு பண்ண?”

“சீக்கிரம் முடியறதும்மா.”

அவள் குனிந்து பையை எடுத்து மடித்தாள்.

“ஆமா கண்ணு” என்றாள். “அதையே எழுது.”